கறுப்புப் பெட்டி எப்படி வேலை செய்கிறது? நம் கடலில் விழுந்த இரண்டு விமானங்கள் சொல்லும் பாடம்

விழுப்புரம் மாவட்டம் இடையஞ்சாவடியிலிருந்து கிழக்கே சில கிலோமீட்டர் போனால் வங்கக் கடல். அங்கே கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து வடக்கே போனால் மரக்காணம் உப்பளங்கள். உப்பு என்ன செய்யும் என்று இந்தக் கரையில் இருப்பவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாசலில் நிறுத்திய பைக்கின் செயின் முதல் ஜன்னல் கம்பி வரை எல்லாவற்றையும் அது அரித்துத் தின்றுவிடும்.

இதே வங்கக் கடலில், சுமார் ஓராண்டு இடைவெளியில், இரண்டு விமானங்கள் விழுந்தன. 2015 ஜூன் 8-ம் தேதி இரவு காணாமல்போனது கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம். அதில் 3 பேர் இருந்தார்கள். 2016 ஜூலை 22-ம் தேதி காலை காணாமல்போனது விமானப்படையின் ஏ.என்.-32 விமானம். அதில் 29 பேர் இருந்தார்கள்.

முதல் விமானம் ஒரு மாதத்தில் கிடைத்தது. இரண்டாவது விமானத்தின் பாகங்களைக் கடலடியில் படம் பிடித்து உறுதி செய்ய ஏழரை ஆண்டுகள் ஆயின. ஒரே கடல், அதே கடற்படை, அதே கடலோரக் காவல்படை. அப்புறம் ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஆழமும் தூரமும் காரணம்தான். ஆனால் இன்னொரு காரணமும் இருந்தது. அது ஒரு சின்ன டார்ச் லைட் அளவுள்ள கருவி. அதைப் புரிந்துகொள்ள, முதலில் ‘கறுப்புப் பெட்டி’யைத் திறந்து பார்க்க வேண்டும்.

பேர்தான் கறுப்பு, கலர் ஆரஞ்சு

ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் ‘கறுப்புப் பெட்டியைத் தேடுகிறார்கள்’ என்று செய்தி வருகிறது. உண்மையில் அது பளிச்சென்ற ஆரஞ்சு நிறம். சிதறிக் கிடக்கும் கரிய பாகங்களுக்கு நடுவே கண்ணில் படவேண்டும் என்பதற்காகவே அந்த நிறம். வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டைகளும் ஒட்டியிருக்கும்.

பொதுவாக இரண்டு பெட்டிகள் இருக்கும். ஒன்று விமானத் தரவுப் பதிவுக் கருவி. வேகம், உயரம், திசை, இன்ஜினின் நிலை, இறக்கைப் பாகங்களின் அசைவு, எந்த ஸ்விட்ச் எந்த நொடியில் எந்தப் பக்கம் இருந்தது என்பது வரை எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளும். குறைந்தது 25 மணி நேரத் தகவல் இதில் தங்கும். போயிங் 787 போன்ற புதிய விமானங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விவரங்கள் பதிவாகின்றன.

இன்னொன்று விமானி அறைக் குரல் பதிவுக் கருவி. விமானிகளின் பேச்சு, கட்டுப்பாட்டு அறையுடனான உரையாடல், அறையில் கேட்கும் மற்ற சத்தங்கள் இதில் பதிவாகும். எச்சரிக்கை மணி அடித்ததா, ஒரு லீவரை இழுத்த ‘க்ளிக்’ சத்தம் வந்ததா, இன்ஜினின் இரைச்சல் மாறியதா என்பதையெல்லாம் நிபுணர்கள் இதிலிருந்துதான் பிரித்தெடுக்கிறார்கள். பல விமானங்களில் கடைசி 2 மணி நேரம் மட்டுமே இதில் இருக்கும். புதிய பெரிய விமானங்களில் 25 மணி நேரம் வரை பதிவாக வேண்டும் என்று விதிகள் மாறி வருகின்றன.

இந்த யோசனை யாருடையது?

1950-களில் உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான காமெட் அடுத்தடுத்து விபத்துக்குள்ளானது. 1953 மே 2-ம் தேதி கல்கத்தாவிலிருந்து கிளம்பிய ஒரு காமெட் சில நிமிடங்களில் நொறுங்கி விழுந்தது. 43 பேர் இறந்தனர். 1954-ல் மத்தியதரைக் கடல் பகுதியில் மேலும் இரண்டு காமெட் விபத்துகள் நடந்தன. என்ன ஆனது என்று சொல்ல யாரும் உயிரோடு இல்லை.

அந்த விபத்துகளை ஆராயும் பணியில் இருந்தவர்களில் ஒருவர் ஆஸ்திரேலிய விஞ்ஞானி டேவிட் வாரன். அவருடைய தந்தை 1934-ல் ஒரு விமான விபத்தில் இறந்தவர். ‘விழுவதற்கு முன்னால் விமானிகள் என்ன பேசினார்கள் என்று தெரிந்தால்?’ என்ற கேள்வியிலிருந்து மெல்லிய எஃகுக் கம்பியில் குரலையும் கருவிகளின் அளவுகளையும் பதியும் ஒரு பெட்டியைச் செய்தார். ஆரம்பத்தில் அவர் நாட்டிலேயே பெரிய வரவேற்பு இல்லை. 1960-ல் குயின்ஸ்லாந்தில் ஒரு விபத்து நடந்த பிறகுதான் குரல் பதிவுக் கருவியை ஆஸ்திரேலியா கட்டாயமாக்கியது. கம்பி போய் காந்த நாடா வந்தது. இப்போது நாடாவும் போய், நம் செல்போனில் இருப்பதைப் போன்ற மெமரி சிப்தான்.

அப்படி என்ன இருக்கிறது, உடையாமல் போக?

மொத்தப் பெட்டியும் தப்பிக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. தப்பிக்க வேண்டியது அதற்குள் இருக்கும் மெமரி சிப்கள் மட்டும்தான். தேங்காயை நினைத்துக்கொள்ளுங்கள். மட்டை நசுங்கலாம், நார் பிய்யலாம், உள்ளே பருப்பு பத்திரமாக இருந்தால் போதும்.

நடுவில் சிப்கள் அடுக்கிய பலகை. அதைச் சுற்றி வெப்பத்தைத் தடுக்கும் பொருள். சில வகைகளில் இந்தப் பொருள் சூடேறும்போது தன்னிடமுள்ள ஈரத்தை ஆவியாக விட்டுச் சூட்டைக் குறைக்கும். மண்பானைத் தண்ணீர் குளிர்ந்திருக்கும் அதே தந்திரம்தான். அதற்கும் வெளியே கெட்டியான எஃகு அல்லது டைட்டானியம் கூடு. பெட்டிகள் பெரும்பாலும் விமானத்தின் வால் பகுதியில் பொருத்தப்படும். மூக்கு முதலில் மோதும்போது அதிர்ச்சியின் பெரும்பகுதியை முன்னால் உள்ள உடல் வாங்கிக்கொள்ளும் என்பது கணக்கு.

விற்பனைக்கு வருமுன் இந்தக் கூடு பாஸ் ஆகவேண்டிய சோதனைகள் இவை:

- மோதல்: புவியீர்ப்பைப் போல 3,400 மடங்கு விசை, 6.5 மில்லி விநாடிக்கு. 5 கிலோ எடையுள்ள பெட்டி அந்தக் கணத்தில் 17 டன் எடை போலாகிவிடும்.
- குத்து: 227 கிலோ எடையை, முனையில் 6 மில்லிமீட்டர் தடிமன் எஃகு ஊசியோடு, 3 மீட்டர் உயரத்திலிருந்து அதன் மேல் போடுவார்கள்.
- நசுக்கல்: சுமார் 2,270 கிலோ பாரத்தை 5 நிமிடம் வைத்து அழுத்துவார்கள்.
- தீ: 1,100 டிகிரி செல்சியஸ் நெருப்பில் 1 மணி நேரம். தங்கமே 1,064 டிகிரியில் உருகிவிடும். பிறகு 260 டிகிரி சூட்டில் 10 மணி நேரம்.
- ஆழம்: 6,000 மீட்டர் ஆழக் கடலில் இருக்கும் அழுத்தம். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் ஏறக்குறைய 600 கிலோ.

சரி, கடலில் விழுந்தால் எப்படித் தேடுவார்கள்?

நிலத்தில் விழுந்தால் விமானத்தில் உள்ள அவசர ரேடியோ கருவி செயற்கைக்கோளுக்குச் சிக்னல் அனுப்பும். கடலுக்குள் மூழ்கினால் அது செல்லாது. காரணம் உப்பு. உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். அதனாலேயே ரேடியோ அலைகளை விழுங்கிவிடும். செல்போனும், ஜி.பி.எஸ்ஸும், ரேடாரும் தண்ணீருக்கடியில் வேலை செய்யாமல் போவதற்கு இதுதான் காரணம்.

ஆனால் ஒலி வேறு ரகம். காற்றில் நொடிக்கு சுமார் 340 மீட்டர் போகும் ஒலி, கடல் நீரில் சுமார் 1,500 மீட்டர் போகும். எனவே கறுப்புப் பெட்டியோடு ஒரு சிறிய உருளை பொருத்தப்படுகிறது. அதுதான் நீரடி ஒலிக்கருவி. அதன் முனையில் உள்ள இரண்டு உலோகப் புள்ளிகளுக்கு நடுவே தண்ணீர் பட்டதும் சர்க்யூட் முழுமையாகி கருவி விழித்துக்கொள்ளும். யாரும் பட்டனை அழுத்த வேண்டாம். நொடிக்கு ஒருமுறை ‘டிக்... டிக்...’ என்று ஒலி எழுப்பிக்கொண்டே இருக்கும்.

அந்த ஒலி 37.5 கிலோஹெர்ட்ஸ். மனிதக் காதுக்கு எட்டுவது அதிகபட்சம் 20 கிலோஹெர்ட்ஸ். எனவே நமக்குக் கேட்காது, அதற்கான கருவிக்குக் கேட்கும். ஆனால் இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று, இரண்டு, மூன்று கிலோமீட்டர் தாண்டினால் ஒலி தேய்ந்துவிடும். இரண்டு, பேட்டரி. பல ஆண்டுகளாக இந்தக் கருவிகளுக்கு 30 நாள்தான் ஆயுள்.

டோர்னியர்: கடைசி நாட்களில் கேட்ட ஒலி

2015 ஜூன் 8-ம் தேதி மாலை சென்னையிலிருந்து கண்காணிப்புப் பணிக்குக் கிளம்பியது டோர்னியர். இரவு 9 மணிக்கு மேல் தொடர்பு அறுந்தது. கப்பல்களும் விமானங்களும் நாள் கணக்கில் தேடின. சென்னையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் ‘சாகர் நிதி’ ஆய்வுக் கப்பலும் சேர்ந்தது. ஒலி விட்டுவிட்டுக் கேட்டது, ஆனால் இடம் பிடிபடவில்லை.

கடலின் மேல் பகுதி வெதுவெதுப்பாகவும் கீழ்ப் பகுதி குளிர்ச்சியாகவும் இருப்பதால், ஆழத்திலிருந்து வரும் ஒலி நேராக வராது. வழியில் வளையும், மங்கும். மேலே மிதக்கும் கப்பலுக்கு இது பெரிய தொல்லை. அதனால் கடற்படை தன் நீர்மூழ்கிக் கப்பலான ஐ.என்.எஸ். சிந்துத்வஜ்ஜைக் களமிறக்கியது. ஜூலை முதல் வாரத்தில் அது ஒலியைப் பிடித்தது. 30 நாள் பேட்டரிக் கணக்கை வைத்துப் பார்த்தால், அவை கடைசி நாட்கள்.

அந்தத் தடயத்தை வைத்து ரிலையன்ஸ் நிறுவனத்தின் ‘ஒலிம்பிக் கேன்யன்’ என்ற கப்பல் தன் ரோபோவைக் கீழே இறக்கியது. ஜூலை 10-ம் தேதி கறுப்புப் பெட்டி மேலே வந்தது. கடலூர், பிச்சாவரம் கரையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தூரம், ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஆழம். விமானத்தின் பாகங்களும் அங்கேயே கிடந்தன. மூன்று குடும்பங்களின் காத்திருப்பு ஒரு மாதத்தில் ஒரு முடிவுக்கு வந்தது.

ஏ.என்.-32: ஒலி இல்லாத ஏழரை ஆண்டு

2016 ஜூலை 22-ம் தேதி காலை 8.30 மணிக்குத் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பியது ஏ.என்.-32. ஒரு மணி நேரத்துக்குள் ரேடாரிலிருந்து மறைந்தது. கப்பல்கள், விமானங்கள், செயற்கைக்கோள்கள் என்று மிகப் பெரிய தேடல் நடந்தது. எதுவும் கிடைக்கவில்லை. செப்டம்பரில் தேடல் முடிவுக்கு வந்தது. 29 பேரும் இறந்துவிட்டதாகக் கருதப்படுவதாகக் குடும்பங்களுக்குத் தெரிவிக்கப்பட்டது.

அந்த விமானத்தில் அவசர ரேடியோ கருவிகள் இருந்தன, நீரடி ஒலிக்கருவி இல்லை என்று அப்போதே செய்திகள் வெளியாயின. அப்படியானால் தேடியவர்கள் காது கொடுத்துக் கேட்க அங்கே எதுவும் இல்லை.

2024 ஜனவரி 12-ம் தேதி பாதுகாப்பு அமைச்சகம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கி வாகனம், சென்னையிலிருந்து சுமார் 140 கடல் மைல் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் எடுத்த படங்களில் விமானத்தின் பாகங்கள் தெரிந்தன. அந்தப் பகுதியில் வேறு விமானம் விழுந்ததாகப் பதிவு இல்லாததால் அது ஏ.என்.-32-தான் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். டோர்னியர் கிடந்த ஆழத்தைவிட இது மூன்று மடங்குக்கும் மேல். ஒலிக்கருவி இருந்திருந்தாலும் மேலே மிதக்கும் கப்பலுக்குக் கேட்டிருப்பது கடினம். கேட்கும் கருவியைக் கயிற்றில் கட்டி ஆழத்தில் இழுத்துப் போகவேண்டியிருக்கும். ஆனாலும் ‘டிக்’ என்று ஓர் ஒலி இருந்தால் தேடுவதற்கு ஒரு வழியாவது இருக்கும்.

உலகமும் இதே பாடத்தை வேறு கடல்களில் படித்தது. 2009 ஜூன் 1-ம் தேதி அட்லான்டிக்கில் 228 பேரோடு விழுந்த ஏர் பிரான்ஸ் 447-ன் பெட்டிகளை எடுக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. 2014 மார்ச் 8-ம் தேதி 239 பேரோடு மறைந்த மலேசியாவின் எம்.எச். 370-ன் பெட்டிகள் கிடைக்கவே இல்லை. இந்த விபத்துகளுக்குப் பிறகு பயணிகள் விமானங்களுக்கான ஒலிக்கருவியின் ஆயுள் 30 நாளிலிருந்து 90 நாளாக உயர்த்தப்பட்டது. கடல் மேல் நெடுந்தூரம் பறக்கும் பெரிய விமானங்களின் உடலில், இன்னும் அதிகத் தூரம் கேட்கும் 8.8 கிலோஹெர்ட்ஸ் கருவியும் வந்தது.

எடுத்த பிறகும் ஏன் தண்ணீரிலேயே வைக்கிறார்கள்?

கடலிலிருந்து எடுத்த கறுப்புப் பெட்டியைத் துடைத்துக் காயவைப்பார்கள் என்றுதான் பலரும் நினைப்பார்கள். நேர்மாறாக, அதைச் சுத்தமான தண்ணீர் நிரம்பிய பெட்டியில் போட்டு ஆய்வகத்துக்குக் கொண்டுபோவார்கள்.

ஏன் என்று மரக்காணத்தில் ஓர் உப்பளப் பாத்தியைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். பாத்தியில் கடல் நீர் நிற்கும் வரை உப்பு கண்ணுக்குத் தெரியாது. வெயிலில் நீர் வற்ற வற்ற உப்பு படிகமாகிப் படியும். ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு. சிப்களின் மெல்லிய உலோகக் கால்களில் ஊறிய நீர் காய்ந்தாலும் இதேதான் நடக்கும். உப்பு படியும், காற்றும் ஈரமும் சேர்ந்து அரிப்பு வேகமெடுக்கும். கடலடியில் இரண்டு ஆண்டு தாக்குப்பிடித்த சிப், கரையில் சில நாளில் கெட்டுப்போகலாம்.

எனவே ஆய்வகத்தில் உப்பை முழுக்கக் கழுவி, கட்டுப்படுத்திய சூட்டில் மெதுவாக உலர்த்தி, நுண்ணோக்கியில் ஒவ்வொரு இணைப்பையும் பார்த்த பிறகுதான் கரன்ட் கொடுப்பார்கள். ஏர் பிரான்ஸ் 447-ன் பெட்டிகள் 3,900 மீட்டர் ஆழத்திலிருந்து வந்தும் முழுத் தகவலும் கிடைத்தது இப்படித்தான்.

பெட்டி எல்லாவற்றையும் சொல்லிவிடுமா?

இல்லை. 2021 டிசம்பர் 8-ம் தேதி குன்னூர் அருகே முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் சென்ற ஹெலிகாப்டர் விழுந்து, அதில் இருந்த 14 பேரும் இறந்தனர். சதிவேலையா, இயந்திரக் கோளாறா என்று ஊரெல்லாம் பேச்சு. தரவுப் பதிவையும் குரல் பதிவையும் ஆராய்ந்த முப்படை விசாரணைக் குழு இரண்டையும் மறுத்தது. வானிலை திடீரென மாறி மேகத்துக்குள் நுழைந்ததில் விமானி திசை உணர்வை இழந்ததே காரணம் என்றது. வதந்திக்குப் பதில் சொல்லப் பெட்டி உதவியது.

2025 ஜூன் 12-ம் தேதி அகமதாபாத்தில் ஏர் இந்தியா 171 விழுந்து 260 பேர் இறந்தனர். அந்த போயிங் 787-ல் தரவையும் குரலையும் சேர்த்தே பதியும் இரண்டு பெட்டிகள் இருந்தன, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பின்னால் இருந்ததிலிருந்து வழக்கமான முறையில் தகவலை எடுக்க முடியாத அளவுக்குச் சேதம். புகையும் கரியும் படிந்த முன்பக்கப் பெட்டியிலிருந்து, டெல்லியில் உள்ள விமான விபத்து விசாரணைப் பணியகத்தின் ஆய்வகத்தில், 49 மணி நேரத் தரவும் 2 மணி நேரக் குரலும் கிடைத்தன. ‘வாலில் இருந்தால்தான் பிழைக்கும்’ என்ற பொது விதி அங்கே தலைகீழானது. இரண்டு பெட்டி வைத்ததன் பலன் அன்று தெரிந்தது.

முதற்கட்ட அறிக்கை சொன்னது இது: எரிபொருள் ஸ்விட்சுகள் இரண்டும் ஒரு நொடி இடைவெளியில் நிறுத்த நிலைக்குப் போயின, ஏன் நிறுத்தினாய் என்று ஒரு விமானி கேட்க, நான் செய்யவில்லை என்று மற்றவர் பதிலளித்தார். ஸ்விட்சின் நிலை எந்த நொடியில் மாறியது என்று பெட்டி சொல்லும். அது ஏன் மாறியது என்று சொல்லாது. அது விசாரணையின் வேலை.

சில நேரம் பெட்டியே மௌனமாகிவிடும். 2024 டிசம்பர் 29-ம் தேதி தென்கொரியாவில் 179 பேர் இறந்த ஜெஜு ஏர் விபத்தில், கடைசி 4 நிமிடங்கள் இரண்டு கருவிகளுமே பதிவு செய்யவில்லை.

நேராக செயற்கைக்கோளுக்கு அனுப்பினால் என்ன?

எல்லோருக்கும் தோன்றும் கேள்விதான். ஆயிரக்கணக்கான விமானங்களின் முழுத் தரவையும் நொடிக்கு நொடி அனுப்ப ஆகும் செலவு ஒருபக்கம். விமானிகளின் பேச்சு யார் கையில் போய்ச் சேரும் என்ற கவலை மறுபக்கம். விமானம் குப்புறக் கவிழும்போது ஆன்டெனா வானத்தைப் பார்த்திருக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. இப்போதைக்கு வந்திருப்பது நடுவழி. ஆபத்தில் சிக்கினால் நிமிடத்துக்கு ஒருமுறை தன் இருப்பிடத்தைத் தானே அறிவிக்கும் ஏற்பாடு, புதிய பெரிய பயணிகள் விமானங்களுக்கு வருகிறது. எங்கே தேடுவது என்பது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

வலையில் சிக்கினால் என்ன செய்வது?

மரக்காணம் முதல் கடலூர் வரை கடலுக்குப் போகிறவர்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியது இது. விமானப் பாகம் போலவோ ஆரஞ்சு நிறப் பெட்டி போலவோ எதுவும் வலையில் வந்தால் திறக்கக் கூடாது, வெயிலில் காயவைக்கவும் கூடாது. கிடைத்த இடத்தின் ஜி.பி.எஸ். அளவைக் குறித்துக்கொண்டு, கடலோரக் காவல்படையின் 1554 எண்ணுக்கோ, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 எண்ணுக்கோ சொல்ல வேண்டும். பெட்டி என்றால், அதிகாரிகள் வரும் வரை தண்ணீரிலேயே வைத்திருப்பது நல்லது.

3,400 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் ஏ.என்.-32-ல் போனவர்களின் குடும்பங்களுக்கு, எங்கே என்ற கேள்விக்கு மட்டும்தான் பதில் கிடைத்தது. ஏன் என்ற கேள்விக்கான பதில் கடலடியில் இருக்கிறது. பெட்டி உடையாமல் இருப்பது பாதிதான். நான் இங்கே இருக்கிறேன் என்று அது சொல்ல முடிவது மீதிப் பாதி.